எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் முட்டியில் கோப்பி ஓ (பால் சேர்க்காத கறுப்புக் காப்பி) நிறத்தில் நீர்: எம்ஆர்ஐ எடுத்தால் தெரியுமா?

பிறை_ஆசிரியை எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 33, பினாங்கு மாநிலத்தின் பிறையில் இருக்கிறேன், தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. சென்ற ஆண்டு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுத்து 513 படியும் ஏறி இறங்கினேன். மறுநாள் காலையில் வலது முட்டி வீங்கியிருந்தது. படி இறங்கியதால்தான் என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்தேன், இரண்டு வாரத்தில் வற்றியது. அப்புறம் சித்திரையில் மறுபடி வீக்கம், ஆடியில் மறுபடி, இப்போது வற்றுவதே இல்லை. எங்கும் விழவில்லை, அடிபடவும் இல்லை. பெரிய வலி என்று சொல்ல முடியாது, ஒரு கனம்தான், முட்டிக்குள் ஈரத்துணியைச் சுருட்டி வைத்தது போல. தரையில் உட்கார்ந்து விளக்கேற்ற முடியவில்லை, மடக்கினால் பாதியில் நின்றுவிடுகிறது.

பக்கத்துக் கிளினிக்கில் தேய்மானம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். எக்ஸ்ரே இரண்டு முறை எடுத்தாயிற்று, எலும்பு நன்றாக இருக்கிறதாம். யூரிக் ஆசிட், வாதத்துக்கான இரத்தச் சோதனை எல்லாம் சரியாகவே வந்தன. ஊசி போட்டு நீர் எடுத்தபோது முதல் முறை இலேசான சிவப்பாக வந்தது, ஊசி எங்காவது நரம்பில் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்ததை நானே கண்ணால் பார்த்தேன், சிரிஞ்சு முழுக்கக் கோப்பி ஓ. அந்த டாக்டர் ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் எலும்பு நிபுணருக்குக் கடிதம் எழுதினார்.

நிபுணர் எம்ஆர்ஐக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். தாளில் "பிவிஎன்எஸ்?" என்று கேள்விக்குறியோடு இருக்கிறது. தேடிப் பார்த்தேன், மூட்டின் உள்சவ்வில் வரும் கட்டி என்று போட்டிருக்கிறது, இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை. எக்ஸ்ரேயில் தெரியாதது இதில் மட்டும் எப்படித் தெரியும் என்கிறார் என் கணவர். மாமியாருக்குத் தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்ற கவலை. இந்தச் சோதனை எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இது புற்றுநோயா?

செந்தூல்காரன் எழுதியது:

அக்கா, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: எனக்கும் இதேதான் வந்தது, நான் நன்றாக இருக்கிறேன், சென்ற மாதம்கூடப் பத்துமலை 272 படி ஏறி வந்தேன். உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவும் புற்றுநோய் வகையில் இது சேராது என்றுதான் என் டாக்டர் சொன்னார், ரொம்பவும் அபூர்வமாக வேறு மாதிரி ஆவது உண்டாம். ஆனால் இருக்கும் மூட்டைக் கெடுக்கும், எடுத்தாலும் திரும்ப வரலாம், அதனால் சும்மா விடவும் முடியாது.

எனக்கு 23 வயதில் இடது முட்டியில் ஆரம்பித்தது. வாரம் இரண்டு நாள் ஃபுட்சால் ஆடுவோம், அதனால் வீக்கம் வந்தபோதெல்லாம் ஆட்டத்தில் பட்ட அடி என்றார்கள், நானும் நம்பினேன். ஒன்றரை வருடம் அப்படியே போனது. பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் எம்ஆர்ஐ எடுத்தார்கள். அறிக்கையில் ஜவ்வு (முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது) கிழிசல் பற்றி ஐந்து வரி, மூட்டு உள்சவ்வு தடித்திருக்கிறது என்று கடைசியில் ஒரே ஒரு வரி. கிழிசலைச் சரி செய்யத்தான் ஸ்கோப் (சின்னத் துளை வழியாக விடும் கேமராக் குழாய்) உள்ளே விட்டார்கள். உள்ளே பார்த்தால் சவ்வு முழுக்கத் துருப்பிடித்த பாசி போல, விரல் விரலாகத் தொங்கிக்கொண்டு இருந்ததாம், அதன் படத்தை எனக்கும் காட்டினார்கள். முன்பக்கம் கண்ணில் பட்டதைச் சுரண்டி எடுத்தார்கள், திசுச் சோதனையில் பிவிஎன்எஸ் என்று வந்தது, எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்தேன்.

எட்டு மாதத்தில் மறுபடி வீக்கம். இந்த முறை அரசாங்க மருத்துவமனை. அங்கே எடுத்த எம்ஆர்ஐயில், முட்டியின் பின்பக்கம், பின் சிலுவை லிகமென்ட்டுக்கு (எலும்புகளைப் பிணைக்கும் நாருக்கு) பின்னால் ஒரு பெரிய கறுப்புத் திரள் உட்கார்ந்திருந்தது. அந்த நிபுணர் பழைய எம்ஆர்ஐ படம் பதிந்த சிடி தட்டை வாங்கித் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார், அது முதல் படத்திலேயே இருந்திருக்கிறது அக்கா, கொஞ்சம் சிறியதாக. என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் எடுத்த படம், அதனால் யாரும் அங்கே பார்க்கவில்லை. எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை, ஒரே தடவையில் முடிய வேண்டியதற்கு இரண்டு முறை படுத்தேன்.

இரண்டாவது தடவை முன்பக்கம் ஸ்கோப் வழியாகவும், பின்பக்கம் குப்புறப் படுக்க வைத்துத் திறந்தும் எடுத்தார்கள். அதற்கு அப்புறம் குறிப்பிட்ட இடைவெளியில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறார்கள், இரண்டு வருடமாக மாற்றம் இல்லை. நீங்கள் முதல் படத்திலேயே முழு முட்டியையும், முன்னும் பின்னும், காட்டச் சொல்லுங்கள். பெயர் தெரிவது ஒன்று, எங்கெங்கே இருக்கிறது என்று தெரிவது இன்னொன்று, கத்தி எடுப்பவருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

கதிரியக்கன் எழுதியது:

சகோதரி, நான் பினாங்கில் ஸ்கேன் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவன். டாக்டர் இல்லை, படம் எடுப்பவன். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், சுண்ணாம்பு படிந்த எதையும் காட்டும். உங்கள் பிரச்சினை இருப்பது சவ்வில். நல்ல முட்டியில் அந்தச் சவ்வின் உட்புறம் ஓரிரு செல் அடுக்குதான், அதன் வேலை மூட்டுக்கு எண்ணெய் போல நீர் சுரப்பது. இந்த நோயில் சவ்வு தடித்து முடிச்சும் விழுதுமாக வளர்கிறது. அதில் சுண்ணாம்பு படிவது அபூர்வம். மூட்டு இடைவெளியும் ரொம்ப நாளைக்குக் குறையாது, அதனால் எக்ஸ்ரேக்குத் தெரிவது கொஞ்சம் வீக்கம் மட்டும். எலும்பு அரிக்கத் தொடங்கிய பிறகுதான் எக்ஸ்ரேயில் ஏதாவது தெரியும், அதுவரை காத்திருக்கக் கூடாது.

இப்போது அந்தக் கோப்பி ஓ நிறம். வளர்ந்த சவ்வு லேசில் கசியும், நீங்கள் படி இறங்கினாலும் கசியும், சும்மா இருந்தாலும் கசியும். கசிந்த இரத்தத்தை உடம்பு உடைத்து மிச்சமான இரும்பைச் சவ்விலேயே சேர்த்து வைக்கிறது, ஹீமோசிடரின் என்பார்கள், பழுப்பு நிறம். 1941-இல் ஜாஃபே, லிக்டென்ஸ்டைன், சூட்ரோ என்ற மூவர் இந்த நோய்க்கு நிறத்தையும் உருவத்தையும் வைத்துத்தான் பெயர் கொடுத்தார்கள், பிவிஎன்எஸ் (பிக்மென்டட் வில்லோநாடுலர் சைனோவைட்டிஸ்) என்பதில் முதல் எழுத்தே அந்த நிறத்தைத்தான் குறிக்கிறது. இப்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இது டிஜிசிடி, அதாவது மூட்டுச் சவ்விலும் தசைநாண் உறையிலும் வரும் இராட்சத செல் கட்டி. 2013 முதல் இரண்டையும் ஒரே குடும்பமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் அறிக்கையில் பெயர் மாறி வந்தால் புது நோய் என்று பயப்படாதீர்கள்.

இரும்பு இருக்கிறது, இயந்திரமோ காந்தம். எங்களிடம் இருப்பது 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப் போல 30,000 மடங்குக்கு மேல். எம்ஆர்ஐ உடம்பில் இருக்கும் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனிலிருந்து வரும் சமிக்ஞையைப் பிடித்துப் படமாக்குகிறது. ஒரே முட்டியைப் பல விதமாக எடுப்போம். டி1 என்ற படத்தில் கொழுப்பு வெள்ளையாக இருக்கும், டி2-வில் நீர் வெள்ளையாக இருக்கும். சாதாரண வீக்கம், வாதம், சீழ் எல்லாம் டி2-வில் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். இரும்பு ஏறிய சவ்வு இரண்டிலும் கறுத்துக் கிடக்கும், ஏனென்றால் இரும்பு தன்னைச் சுற்றி இருக்கும் காந்தப்புலத்தைக் கெடுத்துச் சமிக்ஞையை அமுக்கிவிடுகிறது. வெள்ளை நீருக்கு நடுவில் கறுப்பு விழுதுகள் மிதப்பதை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இதில் கிரேடியன்ட் எக்கோ என்று ஒரு வகைப் படம் உண்டு, அது இரும்புக்கு ரொம்ப நுணுக்கமானது. அதில் கறுப்பு இருக்கும் அளவைவிடப் பெரிதாக விரிந்து தெரியும், நாங்கள் புளூமிங் என்போம். செந்தூல் தம்பிக்கு நடந்ததற்கு ஒரு காரணம் இங்கேதான் இருக்கலாம். இந்தப் படம் எல்லா இடத்திலும் வழக்கமான முட்டி ஸ்கேனில் சேர்த்தி கிடையாது. படம் எடுக்கும் எங்களுக்கு உங்கள் கதை தெரியாது, கையில் இருப்பது ஒரு தாள். "முட்டி வலி" என்று மட்டும் இருந்தால் ஜவ்வுக்கும் லிகமென்ட்டுக்கும் ஏற்ற படங்களை எடுத்து அனுப்பிவிடுவோம். "ஓராண்டாக வீக்கம், அடி இல்லை, நீர் பழுப்பு, பிவிஎன்எஸ் சந்தேகம்" என்று ஒரு வரி இருந்தால் கதிரியக்க டாக்டர் எங்களைக் கூப்பிட்டு இதையும் சேர் என்பார். உங்கள் நிபுணர் எழுதியிருப்பது நல்லது. அதோடு நீங்களும் படுக்கையில் ஏறுவதற்கு முன் வாய் திறந்து அந்த நீரின் நிறத்தைச் சொல்லுங்கள். எனக்கு அப்படி யாராவது சொன்னால் நான் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை.

ஊசி மருந்து, காடோலினியம், சிலருக்குப் போடுவார்கள், சிலருக்கு வேண்டாம். போட்டால் தடித்த சவ்வும் வெறும் நீரும் பிரிந்து தெரியும். அதற்கு முன் சிறுநீரகம் சரியா என்று கேட்பார்கள், கர்ப்பமா என்றும் கேட்பார்கள்.

தாலி விஷயம். கழற்றத்தான் வேண்டும், மெட்டியும் மூக்குத்தியும்கூட. தங்கத்தை இயந்திரம் இழுக்காது, ஆனாலும் உலோகம் சூடேறலாம். அதைவிடப் பெரிய ஆபத்து நம் பெண்கள் தாலிக்கொடியில் கோத்து வைக்கும் ஊக்கு, அது எஃகு, பறந்து போய் ஒட்டும். நிறைய பேர் கழுத்தை வெறுமையாக விட மனம் இல்லாமல் ஒரு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள், வெறும் நூல்தான், அதில் எங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. கட்டுவதற்கு முன் அதில் உலோகம் ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சூசுக் (தோலுக்கு அடியில் வைக்கும் மந்திர ஊசி) போட்டவர்கள், தொழிற்சாலையில் வெல்டிங் செய்து கண்ணில் இரும்புத் தூள் பட்டவர்கள் தயவுசெய்து வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், இதைப் பிறருக்காகவும் எழுதுகிறேன்.

முட்டிக்குக் கால் முதலில் உள்ளே போகும், தலை பெரும்பாலும் வாசல் பக்கமே இருக்கும். சத்தம் பலமாக இருக்கும், காதுக்கு அடைப்பு தருவோம். 30 முதல் 45 நிமிடம் காலை அசைக்கக் கூடாது, அவ்வளவுதான் உங்கள் வேலை.

ஜெலுத்தோங்_அம்மா எழுதியது:

மகளே, தம்பி சொன்னதும் அண்ணன் சொன்னதும் சரி, நான் இன்னொன்று சொல்கிறேன், எம்ஆர்ஐயில் வந்ததே முடிவு என்று இருந்துவிடாதே. என் வீட்டுக்காரருக்கு இதே மாதிரி ஒரு முட்டி மட்டும் வீங்கிக் கிடந்தது. எம்ஆர்ஐயில் சவ்வு தடிப்பு, நீர், எலும்பில் சின்ன அரிப்பு என்று வந்து, பிவிஎன்எஸ் ஆக இருக்கலாம் அல்லது காசநோயாக இருக்கலாம் என்று இரண்டையும் எழுதியிருந்தார்கள். அவருக்கு இருமல் ஒரு நாள் கிடையாது, நாங்கள் நம்பவே இல்லை. சதை எடுத்துப் பார்த்ததில் காசநோய். மாத்திரை ஓராண்டு, இப்போது நடக்கிறார். இதற்கு நடுவில் ஒரு இடத்தில் முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார்கள், நல்ல வேளையாகப் பணம் இல்லை என்று தள்ளிப் போட்டோம், காசநோய் இருக்கும் மூட்டில் அதைப் போட்டிருந்தால் மோசமாகியிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். என்ன என்று தெரியும்வரை ஸ்டீராய்டு ஊசிக்குச் சம்மதிக்காதே.

கதிரியக்கன் எழுதியது:

அம்மா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கறுப்புத் தெரிந்தாலும் வேறு சில உண்டு. ஹீமோஃபீலியா (இரத்தம் சரியாக உறையாத பிறவி நோய்) உள்ளவர்களின் முட்டியிலும் இரத்தம் கசிந்து கசிந்து இதே புளூமிங் வரும், ஆனால் அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே கதை இருக்கும், பெரும்பாலும் ஆண்கள். சவ்வில் கொழுப்பு மரம் போல வளரும் ஒரு நோய் உண்டு, அது கொழுப்பின் வெள்ளையைக் காட்டிக் கொடுத்துவிடும். சவ்வுக்குள் சின்னச் சின்னக் குருத்தெலும்பு உருண்டைகள் உண்டாவதும் உண்டு. இன்னொரு பக்கம், எல்லா பிவிஎன்எஸ்ஸிலும் இரும்பு ஒரே அளவு இருக்காது, குறைவாக இருந்தால் கறுப்பு மங்கலாகத்தான் தெரியும். அதனால் படம் வழியைக் காட்டும், பெயரை உறுதியாகச் சொல்வது நுண்ணோக்கியில் திசுவைப் பார்ப்பவர்.

பிறை_ஆசிரியை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். அரசாங்க மருத்துவமனையில் தேதி மூன்று மாதம் தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். தனியாரில் எடுத்துவிடலாமா, அல்லது காத்திருக்கலாமா? ஒரு ஆண்டு போய்விட்டதே என்ற பதற்றம்.

செந்தூல்காரன் எழுதியது:

அக்கா, இது வாரக் கணக்கில் ஓடும் நோய் இல்லை, மூன்று மாதத்தில் எல்லாம் போய்விடாது என்று என்னிடம் சொன்னார்கள். ஆனால் மடக்க முடியாமல் பூட்டிக்கொள்கிறது என்றால் தேதியை முன்னே கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால்தான் கிடைக்கும். காய்ச்சலோடு முட்டி சிவந்து சுட்டால் அது வேறு, அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) வைத்திருந்தால் படுக்காமல் எடுக்கும் ஸ்கேனுக்குப் பணம் தருவார்களா என்று முதலில் விசாரியுங்கள், சில திட்டங்களில் வார்டில் சேர்ந்தால்தான் உண்டு.

பிறை_ஆசிரியை எழுதியது:

ஐந்து வாரம் ஆயிற்று, தொடர்ந்து எழுத முடியவில்லை, மன்னிக்கவும். மருத்துவமனையில் ஒருவர் வராததால் எனக்கு முன்கூட்டியே அழைப்பு வந்தது. காலை ஃபெரியில் தீவுக்குப் போனோம். மாமியாரே தாலிக்கொடியைக் கழற்றி வாங்கி மஞ்சள் சரடு கட்டிவிட்டார், கொடியில் நான்கு ஊக்கு இருந்தன, எனக்கே தெரியாது எத்தனை வைத்திருக்கிறேன் என்று. கதிரியக்கன் அண்ணா சொன்னபடி படம் எடுத்த பெண்ணிடம் அந்த நீரின் நிறத்தைச் சொன்னேன். அவர் உடனே உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும், பரவாயில்லையா என்றார்.

நிபுணர் திரையில் காட்டினார். முட்டிச் சில்லுக்கு மேலே இருக்கும் பையில் கறுப்பு விழுதுகள், பின்பக்கம் லிகமென்ட்டை ஒட்டி ஒரு முடிச்சு, அதன் கீழே தொடை எலும்பில் சின்னதாக ஒரு அரிப்பு. அந்தக் கூடுதல் படத்தில் பின்பக்க முடிச்சு இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. பரவிய வகை என்று எழுதியிருக்கிறார்கள், உடம்பில் பரவியது என்று இல்லை, அந்த மூட்டுக்குள் ஓரிடத்தில் நிற்காமல் விரிந்திருக்கிறது என்று பொருள். முதலில் ஸ்கோப்பில் கொஞ்சம் திசு எடுத்து, காசநோய்க்கும் சேர்த்து அனுப்புகிறார்கள், ஜெலுத்தோங் அம்மா சொன்னதை நானே கேட்டேன். அது வந்த பிறகு முன்னும் பின்னும் ஒரே நாளில் எடுப்பதா, இரண்டு முறையா என்று முடிவாம். திரும்ப வர வாய்ப்பு உண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். அறுவையால் முடியாதவர்களுக்கு அமெரிக்காவில் 2019-இல் ஒரு மாத்திரைக்கும் 2025-இல் இன்னொன்றுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார்களாம், முதலாவதில் ஈரலுக்கு ஆபத்து உண்டாம், எனக்கு இப்போது அந்தப் பேச்சே தேவையில்லை என்றார்.

செந்தூல் தம்பி, பின்பக்கம் திறந்த பிறகு எத்தனை நாளில் காலை ஊன்றினீர்கள்? பள்ளிக்கு எத்தனை வாரம் எம்சி (மருத்துவ விடுப்பு) கேட்க வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்கிறார்.

செந்தூல்காரன் எழுதியது:

ஊன்றுகோலோடு இரண்டாம் நாளே நிற்க வைத்தார்கள் அக்கா. கோல் இல்லாமல் நடக்க எனக்கு ஆறு வாரம், மடக்கும் பயிற்சிதான் கஷ்டம், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எனக்கு எம்சி இரண்டு மாதம் கொடுத்தார்கள். நீங்கள் நின்றுகொண்டு பாடம் நடத்துகிறவர், அதைச் சொல்லியே கேளுங்கள். சிடியைத் தனியே வாங்கி வீட்டில் வையுங்கள், அடுத்த வருடம் எடுக்கும் படத்தோடு வைத்துப் பார்க்க இதுதான் வேண்டும்.